வாசலில் நிறுத்தப்பட்ட ஏழாவது ஆள்

சிட்னியின் டூங்கபியில் நான் பத்தொன்பது வருடம் பராமரிப்பாளராக வேலை செய்த லொட்ஜ் மண்டபத்தின் முன்னால் நகரசபை ஒரு பலகை வைத்திருக்கிறது. மண்டபம் இப்போது உடற்பயிற்சி நிலையம். கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் எங்கும் போய்ச் சேராமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பொருத்தமான வேலைதான். பலகையில் சகோதரத்துவம், விசுவாசம், அயலவருக்கு உதவி என்று மூன்று சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. கீழே தாடிக்காரர்களின் பழைய படம் ஒன்று.

எங்கள் மூத்தோர் சங்க மலரின் குழுவில் இருக்கும் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அங்கிள், நீங்கள் வேலை செய்த இடமெல்லோ. அதின்ர வரலாறை வடிவா எழுதித் தாங்கோ. ரெண்டு பக்கம் காணும்."

வடிவாக எழுத எனக்குத் தெரியாது. வடிவான வரலாறு வேண்டுமென்றால் பலகையை வாசியுங்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் தமிழ்நாட்டிலிருந்து வந்த வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இது அறையும் சாப்பாடும் கொடுக்கிற லொட்ஜ் இல்லை. புரொட்டஸ்தாந்து ஆண்கள் கூடி, கழுத்தில் நீலப் பட்டி போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் 'சகோதரரே' என்று கூப்பிடுகிற சங்கம். கத்தோலிக்கர் சேர முடியாது. கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியவரும் சேர முடியாது. பாப்பரசர் ஒருநாள் இந்த நாட்டைப் பிடிக்க வருவார் என்று தலைமுறை தலைமுறையாகக் காவல் இருந்தார்கள். ரோமாபுரியில் யாருக்கும் டூங்கபி எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

நான் யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்து, சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சிட்னிக்கு வந்து, பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவன். இந்தக் கதையை இந்த மலரில் எல்லாரும் எழுதிவிட்டார்கள். அதனால் ஒரே வசனத்தில் முடித்துவிட்டேன்.

முதுகு போன பிறகு, தேவாலய அறிவிப்புத் தாளில் ஒரு வேலை கண்டேன். மண்டபம் கூட்ட, கதிரை அடுக்க, தேத்தண்ணி போட ஆள் தேவை, புரொட்டஸ்தாந்துக்காரர் விரும்பப்படுவர். நேர்முகத்துக்குப் போனபோது செயலாளர் நெவில் நின்றபடியே மூன்று கேள்வி கேட்டார். அவர்கள் இங்கிலீஷில் சொன்னவற்றை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் கையில் இருக்கிற பேச்சு அதுதான்.

"நீர் புரொட்டஸ்தாந்தோ?"

"ஓம். பரம்பரையா."

"குடிக்கிறனீரோ?"

"இல்லை."

"உம்முடைய மனிசி?"

"அவவும் குடிக்கிறேல்லை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கிறிஸ்தவமோ எண்டு கேட்டனான்."

"கிறிஸ்தவம்தான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவா."

எந்தக் கோயிலுக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் மனைவி தெரேசா இளவாலைக்காரி. அவளுடைய ஆட்கள் எத்தனையாம் தலைமுறைக் கத்தோலிக்கர் என்று அவர்களுக்கே கணக்கில்லை. எங்கள் கலியாணத்துக்கு என் தகப்பனார் வரவில்லை. கடல் கடந்து வந்து அதே விசர்க்கூட்டத்திடம் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கும் மூளை குறைவுதான்.

நெவில் ஓய்வுபெற்ற பஸ் ரிக்கற் பரிசோதகர். வாழ்நாள் முழுக்க ஆட்களிடம் 'ரிக்கற் எங்கே' என்று கேட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். உயரம், ஒல்லி, சாம்பல் நிற கோட். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் திருப்பிப் போட்டிருப்பேன். அவர் பிழை கண்டால் பக்கத்தில் வந்து நின்று, பிழையான பொருளைச் சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டுவார். கோப்பையின் பிடி மற்றக் கோப்பைகளின் பிடியோடு ஒரே பக்கம் பார்க்காவிட்டால் ஒரு தட்டு. கொடிக்கம்பம் ஒரு சாண் விலகி நின்றால் ஒரு தட்டு. பிறகு "திருத்தம், சாம்" என்பார். என் பெயர் சாமுவேல் ஞானமுத்து. அதையும் அவர் தன் வசதிக்குத் திருத்தி வைத்திருந்தார்.

குசினிக்குள் அவர் ஒருநாளும் இருந்து தேத்தண்ணி குடிக்கவில்லை. நிலைப்படியில் நின்று வாங்குவார், நின்று குடிப்பார், கோப்பையைத் திருப்பித் தரும்போது "நன்றி" என்பார். மரியாதையான மனிசன். அந்த மரியாதையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அதன் குளிர் போகாது.

கூட்டம் மாதத்தின் இரண்டாவது செவ்வாய். முந்தி பின்னேரத்தில் வைத்தார்கள். இருட்டில் கார் ஓட்டக்கூடிய ஆள் ஒவ்வொருவராகக் குறைய, மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றினார்கள். நான் ஒன்பது மணிக்கே போய் வேலை தொடங்க வேண்டும். நடுமேசையில் வேதாகமம் விரித்து வைக்க வேண்டும். தலைவரின் கதிரை கிழக்கே, எதிர்க்கதிரை மேற்கே, குருவானவர் வேலை பார்க்கும் சகோதரரின் கதிரை வடக்கே, குசினிச் சுவரை ஒட்டி. வாசல் காவலருக்கு ஒரு வாள். அந்த வாளால் பாணுக்கு வெண்ணெய்கூடப் பூச முடியாது. சுவரில் தலைமை லொட்ஜ் கொடுத்த அனுமதிப் பத்திரம், கண்ணாடிச் சட்டத்தில். அது நேராகத் தொங்குகிறதா என்று நெவில் நீர்மட்டக் கருவி வைத்துப் பார்ப்பார். பகிடிக்குச் சொல்லவில்லை. கோட்டுப் பையில் எப்போதும் ஒன்று வைத்திருப்பார்.

சாப்பாட்டுக்குத் தெரேசா இறைச்சி வைத்துப் பொரித்த பற்றிஸும் ரோல்ஸும் செய்து தருவாள். பாப்பரசரைப் பேசிவிட்டு வெளியே வந்து, இளவாலைக் கத்தோலிக்கப் பற்றிஸை ஆளுக்கு நாலு விழுங்குவார்கள். "உம்முடைய மனிசிக்கு எங்கட நன்றியைச் சொல்லும், சாம்." சொல்லுவேன். அவள் சிலுவை போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

இனி கடவுச்சொல். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் கதவில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். கதவில் ஒரு சின்னப் பலகை திறக்கும். வாசல் காவலர் உள்ளே நின்றபடி "யார் வருவது?" என்பார். "ஒரு சகோதரன்." "சொல்லைக் கொடும்." சொல்லை அவர் காதுக்குள் சொல்ல வேண்டும். சரியென்றால் கதவு திறக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமை லொட்ஜ் மூடிய உறையில் புதுச் சொல் அனுப்பும். எல்லாம் வேதாகமத்து இடப் பெயர்கள்.

வாசல் காவலர் கிளிஃப் என்பவருக்கு இரண்டு காதும் கேளாது. அதனால் சகோதரர்கள் இரகசியச் சொல்லைக் கத்திச் சொன்னார்கள். குசினியில் எனக்குக் கேட்டது. வெளியே பஸ் தரிப்பில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். ஞாயிறு பள்ளியில் இந்தப் பெயர்களைப் பாடமாக்கியவன் என்பதால் ஒரு முறை கேட்டாலே எனக்கு மனதில் நிற்கும். பிறகு பிறகு சகோதரர்களுக்கு ஞாபகம் மங்கத் தொடங்கியது. குசினி வழியாக வந்து, "சாம், இந்த முறை என்ன?" என்று என்னையே கேட்பார்கள். நான் சொல்லுவேன். போய்க் கத்துவார்கள். இதுதான் அந்த இரகசியச் சங்கத்தின் இரகசியம். அதைக் காப்பாற்றி வைத்திருந்தது சங்கத்தில் இல்லாத ஒரு தமிழன்.

கிளிஃப் செத்துப்போனார். அவரோடு எட்டுச் சகோதரர் ஏழாகினர். வாளை நெவில் எடுத்துக்கொண்டார். நெவிலுக்குக் காது நன்றாகக் கேட்கும். கண்ணும் நன்றாகத் தெரியும்.

கென்னைப் பற்றிச் சொல்லாமல் மற்றது விளங்காது. கென் பால் வண்டி ஓட்டியவர். பெரிய உருவம், பெரிய கை. ஐம்பது வருடத்துக்கு மேலாக லொட்ஜில் இருந்தவர், மூன்று முறை தலைவராகவும் இருந்தவர். கடைசிக் காலத்தில் குருவானவர் கதிரை அவருடையது. குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கதைத்த ஒரே சகோதரர் அவர்தான். என்னைக் 'கேர்ணல்' என்பார். "கேர்ணல், உன்ர தேத்தண்ணி குடிச்சா குதிரைக்கும் நித்திரை வராது." மனைவி போன பிறகு குவேக்கர்ஸ் ஹில்லில் மகள் லின் வீட்டில் இருந்தார். பிறகு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, பிறகு மனைவி செத்தது.

லின் அவரைக் காரில் கொண்டுவந்து விடுவாள். கூட்டம் முடியும்வரை என்னோடு குசினியில் இருப்பாள். ஒருநாள் சொன்னாள்:

"மற்ற நாளெல்லாம் உடுப்பு மாத்தவே சண்டை, சாம். என்னையே ஆரெண்டு கேக்கிறார். இந்தச் செவ்வாய் மட்டும் தானா எழும்பி, தானா ஷேவ் எடுத்து, கழுத்தில ரை கட்டிக்கொண்டு வாசல்ல நிப்பார். கலண்டரும் பாக்கிறேல்லை. எப்பிடித் தெரியுதோ தெரியேல்லை. எனக்கு மாசத்தில ஒருநாள் என்ர அப்பா கிடைக்கிறார்."

நான் என்ன செய்வேன் என்றால், முன்விறாந்தையில் அவருடைய கோட்டைக் கழற்றும்போது சொல்லைக் காதுக்குள் போட்டுவிடுவேன். அங்கிருந்து கதவுக்கு ஏழெட்டு அடி. அவ்வளவு தூரம் அவர் அதைச் சுமந்துகொண்டு போவார். சில நாள் பாதி வழியில் தவற விட்டுவிடுவார், நான் திரும்பவும் போடுவேன். கிளிஃப் காலத்தில் எல்லாம் சுகமாக ஓடியது.

லொட்ஜில் இன்னொரு விதி. உள்ளே ஏழு சகோதரர் இல்லாமல் லொட்ஜைத் 'திறக்க' முடியாது. திறக்காவிட்டால் பேச முடியாது, தீர்மானிக்க முடியாது, புது ஆளைச் சேர்க்க முடியாது. மூன்று கூட்டம் தொடர்ந்து திறக்காவிட்டால் அனுமதிப் பத்திரம் தலைமை லொட்ஜுக்குத் திரும்பிப் போகும். மண்டபமும் அதோடு போகும். கிளிஃப் போன பிறகு தலைவர் ஆர்தர், தொண்ணூறு தாண்டிய நல்ல மனிசன், என்னையே சேர்த்தால் என்ன என்று ஒருமுறை கேட்டார். நெவில் மறுக்கவில்லை. விண்ணப்பத்தாளை எடுத்து வந்து நீட்டினார். அதில் 'மனைவியின் திருச்சபை' என்று ஒரு கோடு இருந்தது. யோசித்துச் சொல்லுகிறேன் என்று மடித்துப் பையில் வைத்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கூட்டம் தவறிவிட்டது. ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. மூன்றாவது கூட்டத்துக்கு எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்று நெவில் தானே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். வந்தார்கள். இடுப்புக்காரர் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் பட்டி மணிக்கட்டில் இருக்க, நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆர்தரை அவருடைய பேத்தி தள்ளுகதிரையில் கொண்டுவந்து கதவு வரைக்கும் விட்டாள். இரண்டு மணிக்கு உள்ளே ஆறு பேர். கென் கடைசியாக வந்தார். நன்றாக ஷேவ் எடுத்திருந்தார். ரை நேராக இருந்தது.

கோட்டைக் கழற்றும்போது சொல்லைப் போட்டேன். அந்த ஆறு மாதச் சொல் 'மக்பேலா'. ஆபிரகாம் வாங்கிய குகை. கென் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். மூன்று தட்டு. சின்னப் பலகை திறந்தது. நெவிலின் கண் தெரிந்தது.

"யார் வருவது?"

"நான்தான், நெவ். மத்தியான வணக்கம்."

"யார் வருவது?"

"ஒரு சகோதரன்" என்றார் கென். அது சரியாக வந்தது.

"சொல்லைக் கொடும்."

கென் யோசித்தார். பிறகு "எபெனேசர்" என்றார்.

"இல்லை."

"பெத்தேல்."

"இல்லை."

"ரெகொபோத். பெனியேல். கில்கால்."

ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சரியான சொல். என் காலத்திலேயே அதில் மூன்று வந்திருக்கிறது. ஐம்பது வருடத்துச் சொற்களை அந்த மனிசன் ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஓட்டைக்குள் போட்டுக்கொண்டே இருந்தார். நெவில் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவான குரலில் "இல்லை" என்றார், காலாவதியான ரிக்கற்றைத் திருப்பிக் கொடுப்பது போல.

லின் முன்னுக்குப் போனாள். "நெவில், உங்கட கலியாணத்தில மாப்பிள்ளைத் தோழன் ஆர்?"

"உம்முடைய அப்பா."

"பிறகென்ன? ஆளைத் தெரியாதோ?"

"ஆளை நான் மறுக்கேல்லை, லின். சொல்லைத்தான் கேக்கிறன்."

உள்ளேயிருந்து ஆர்தரின் குரல் வந்தது. "விடும் நெவில். அவர் இல்லாட்டி நாங்கள் ஆறு பேர். நான் தலைவர், நான் சொல்லுறன், கதவைத் திறவும்."

"லொட்ஜ் திறக்க முந்தி நீங்கள் தலைவர் இல்லை, ஆர்தர். கிழக்குப் பக்கம் இருக்கிற ஒரு ஆள்."

எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே என் பிழையையும் எழுத வேண்டும். இன்னொரு முறை காதுக்குள் போட்டிருக்கலாம். கோபத்தில் எனக்கு மெதுவாகப் பேச வராது.

"மக்பேலா!" என்று கத்தினேன். "கேட்டதோ? மக்பேலா! இப்ப திற!"

கென் திரும்பி என்னைப் பார்த்து, "கேர்ணல், அப்பிடிச் சத்தம் போடக்கூடாது" என்றார்.

நெவில் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு, "சாம், சகோதரர் இல்லாத ஆள் வாயால வந்த சொல் செல்லாது. தலைமை லொட்ஜிலயிருந்து புதுச்சொல் வரும்வரைக்கும் இந்த வாசல்ல ஆரும் இனி உள்ளுக்கு வரேலாது" என்றார். பலகை மூடியது.

கென்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பரிமாறும் யன்னலால் பார்த்தேன். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள சின்ன மரயன்னல் அது. ஆறு கிழவர்களும் பட்டி போட்டுக்கொண்டு தங்கள் தங்கள் கதிரையில் இருந்து வாதாடினார்கள். கென்னை உள்ளே விடலாமா என்று வாக்கெடுக்கலாம் என்றார் ஒருவர். லொட்ஜ் திறக்காமல் வாக்கெடுக்க முடியாது என்றார் நெவில். அப்படியானால் திறப்போம் என்றார் இன்னொருவர். ஏழு பேர் வேண்டும் என்றார் நெவில். ஏழாவது ஆள் குசினியில் நிற்கிறார் என்றார் ஆர்தர். அவரை உள்ளே விடலாமா என்று வாக்கெடுக்கலாம் என்றார் முதலாமவர். நான் பார்த்துக்கொண்டு நிற்க இந்தச் சக்கரம் மூன்று தரம் சுற்றியது. பாப்பரசர் படையெடுத்து வந்திருந்தால்கூட இவ்வளவு திறமாக அந்த லொட்ஜை முடித்திருக்க மாட்டார்.

கென்னைச் சுவரோரக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். தான் வெளியே இருக்கிறார் என்பது அவருக்கு விளங்கியதோ தெரியாது. ரையைத் தடவித் தடவி நேராக்கினார். லின் முகத்தைக் கழுவப் போய்விட்டாள்.

உள்ளே ஆர்தர் களைத்துப்போய், அல்லது பழக்கத்தில், திறக்கும் சடங்கைத் தொடங்கிவிட்டார். மேற்குக் கதிரைக்காரர் பதில் சொன்னார். பிறகு குருவானவர் முறை. வடக்குக் கதிரை வெறுமையாக இருந்தது.

கென் கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பினார். குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, பால் வண்டியை ஒரு தெரு தள்ளியும் கேட்க வைத்த குரலில், அந்தப் பகுதி முழுவதையும் சொன்னார். நீளமான பகுதி. எவ்வளவோ வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும், ஒரு சொல் பிழைக்கவில்லை. கடைசியில் உள்ளே இருப்பவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டிய 'ஆமென்' இருந்தது. நான் யன்னலால் பார்த்தேன். ஆர்தர் அழுதுகொண்டு "ஆமென்" என்றார். இடுப்புக்காரரும் சொன்னார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

நெவில் எழும்பி வந்தார். என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். அவருடைய கை யன்னல் பலகையைப் பிடித்து, சத்தமில்லாமல், நேராக, கடைசி வரைக்கும் இழுத்து மூடியது.

மூன்றரைக்கு எல்லாரும் போன பிறகு, நெவில் நிலைப்படியில் வந்து நின்றார். தேத்தண்ணிக்கு. நான் ஊற்றவில்லை.

"நெவில்" என்றேன், "என்ர மனிசி கத்தோலிக்கம். இந்த வருசமெல்லாம் நீங்கள் திண்டது கத்தோலிக்கப் பற்றிஸ்."

அவர் அசையவில்லை. "தெரியும், சாம். அந்த விண்ணப்பத்தாளை நீர் திருப்பித் தரேல்லை. அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீங்களோ? அப்ப எனக்கு ஒரு விதி, கென்னுக்கு ஒரு விதியோ?"

"உமக்கு விதி இல்லை" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை. சின்னப்பிள்ளைக்கு நேரம் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னார். "நீர் வேலைக்கு இருக்கிற ஆள். விதி சகோதரருக்கு."

பத்தொன்பது வருடத்தில் அந்த மனிசன் எனக்குச் சொன்ன ஒரே உண்மை அது. நான் அங்கே நின்று யோசித்தேன். சேராமல் தப்பினேன் என்று சந்தோசப்படுவதா, பத்தொன்பது வருடம் நான் அங்கே கூட்டுகிற ஒரு தும்புத்தடியாக நின்றிருக்கிறேன் என்று துக்கப்படுவதா? இரண்டும் பட்டேன். சாவிக் கோர்வையை மேசையில் வைத்தேன். நெவில் பழக்கதோசத்தில் அதைச் சுட்டுவிரலால் தட்டி நேராக்கினார்.

தலைமை லொட்ஜிலிருந்து ஒருவர் திருப்புளியோடு வந்து அனுமதிப் பத்திரத்தைக் கழற்றினார் என்று பிறகு ஆர்தரின் பேத்தி சொன்னாள். படிவங்களையெல்லாம் நெவில் ஏற்கெனவே பிழையில்லாமல் நிரப்பி வைத்திருந்தாராம். இதெல்லாம் பலகையில் இல்லை. 'அங்கத்தவர் குறைந்ததால் மூடப்பட்டது' என்று இருக்கிறது. குறையவில்லை. ஏழு பேரும் வந்தார்கள். ஒருவரை வாசலில் நிறுத்தினார்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய், காலை ஒன்பது மணிக்கு லின்னின் ஃபோன் வந்தது.

"சாம், அவர் ரை கட்டிக்கொண்டு வாசல்ல நிக்கிறார். நான் எங்கை கொண்டுபோறது?"

அவள் கேட்ட விதத்தில் நான் யோசிக்கவே இல்லை. "இஞ்சை கொண்டு வாரும்" என்றேன்.

அதற்குப் பிறகு, அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும்வரை, இரண்டாவது செவ்வாய் எல்லாம் எங்கள் வீட்டில்தான். இரண்டாம் மூன்றாம் தடவை ஆர்தரும் வந்தார், இடுப்புக்காரரும் வந்தார். நெவிலுக்கும் லின் சொல்லி அனுப்பினாள். நன்றி சொல்லி, மறுத்து, ஒரு தபால் அட்டை வந்தது. எழுத்து அச்சுப் போல இருந்தது.

முதல் செவ்வாய் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். கென் வந்தார். எங்கள் விறாந்தையில் நின்று சுற்றிவரப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிவிட்டு, முன்கதவைத் தானே திறந்து உள்ளே போய், சாத்திக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். நான், லின், கறிவேப்பிலை பறித்துக்கொண்டு வந்த தெரேசா.

தெரேசா கதவைத் தட்டினாள். ஒரு விரற்கடை திறந்தது.

"யார் வருவது?" என்றார் கென்.

"இதென்ன கூத்து" என்றாள் தெரேசா என்னைப் பார்த்து. "அடுப்பில கறி கிடக்கு."

"யார் வருவது?"

"ஒரு சகோதரன் எண்டு சொல்லும்" என்றேன்.

"நான் ஏன் சகோதரன்? இது என்ர வீடு" என்றாள். கென்னைப் பார்த்து இங்கிலீஷில், "நான் தெரேசா. கறி எரியுது" என்றாள்.

"சொல்லைக் கொடும்."

என்ன சொல்லுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எரிச்சல் வந்தால் அவள் வாயில் வருவது எப்போதும் ஒன்றுதான். நெஞ்சில் கை வைத்து, மாதா செபத்தின் முதல் வரியை இங்கிலீஷில், தெளிவாக, முழுவதாகச் சொன்னாள். லின் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று முறை அந்த லொட்ஜின் தலைவராக இருந்த மனிசன், ஐம்பது வருடமாக மாதா என்ற சொல்லுக்கே கதவைச் சாத்திய இடத்தில் இருந்த மனிசன், அதைத் தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்டார்.

"சரி" என்றார். "உள்ளுக்கு வாரும், சகோதரி."

கதவை அகலத் திறந்து, அவள் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.